எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல்: உடைந்த ஸ்டட், கேஸ்கெட் பற்றி உதவி வேண்டும்

நண்பர்களே வணக்கம். பழைய பெட்ரோல் கார். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று சத்தம். இன்ஜின் சூடானதும் குறைந்துவிடுகிறது. ஹீட் ஷீல்டைக் (சூட்டை மறைக்கும் தகடு) கழற்றிப் பார்த்தால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் பகுதி) மூன்றாவது சிலிண்டர் கிளை சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல், அதைச் சுற்றிக் கரி. சூட்டில் வார்ப்பிரும்பு விரிந்து விரிசலை மூடிக்கொள்வதால்தான் சத்தம் அடங்குகிறது. வெல்டிங் வைக்கலாம் என்கிறார் மெக்கானிக். வார்ப்பிரும்பில் வெல்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி விட்டுவிடும் என்பதால் புதிதே வாங்கிவிட்டேன்.

சிக்கல் ஓரத்து ஸ்டட்தான் (மேனிஃபோல்டை இன்ஜின் ஹெட்டோடு, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியோடு, பிடித்து நிறுத்தும் மரையாணி). உடைந்து ஹெட்டுக்குள்ளேயே நிற்கிறது, வெளியே ஒரு நூல் அளவுதான் தெரிகிறது. அலுமினிய ஹெட். மேலே ஒரு நட்டை வைத்து வெல்டு செய்து திருப்பினால் வருமா, டிரில் போடுவது நல்லதா? டிரில் வழுக்கினால் ஹெட் போச்சு, அந்தப் பயம்தான்.

ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே புகை கசியாமல் வைக்கும் கேஸ்கெட் பல அடுக்கு ஸ்டீல். சிலர் சிலிக்கான் சீலன்ட் தடவச் சொல்கிறார்கள். அது 300 டிகிரி சொச்சம்தான் தாங்கும். இந்த இடம் அதற்கு மேலேயே கொதிக்கும். எதுவும் தடவாமல் வைப்பதே சரி என்று நினைக்கிறேன். ஹெட் முகம் சமமாக இருக்கிறதா என்று ஸ்டீல் ஸ்கேல் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்கப் போகிறேன், எவ்வளவு இடைவெளி வரை பரவாயில்லை? நட்டுகளுக்கு நடுவிலிருந்து ஓரத்துக்கு டார்க் (அளவான இறுக்கம்) கொடுத்து, ஓட்டி ஆறியபின் மறுபடி இறுக்கியவர்கள் உண்டா?

குழந்தைகள் ஏறும் வண்டி. கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்துவிடக் கூடாது என்று ஓட்டாமல் நிறுத்தியிருக்கிறேன். கையால் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.