யாக்கோபு, ஜேம்ஸ், சந்தியாகு: மூன்றும் ஒரே பெயரா?

கேள்வி (வேர்தேடி):
தமிழ் பைபிளில் யாக்கோபு எழுதிய நிருபம், ஆங்கிலத்தில் ஜேம்ஸ் நிருபமாக இருக்கிறது. ஆனால் ஈசாக்கின் மகன் அங்கேயும் ஜேக்கப்தான். ஆங்கில பைபிளை மொழிபெயர்க்க வைத்த ஜேம்ஸ் மன்னர் தன் பெயரை நுழைத்துவிட்டார் என்கிறார்களே, உண்மையா? அமெரிக்காவில் இந்தப் பெயர் ஏன் இவ்வளவு பிரபலம்?

சொல்லாய்வு:
மன்னர் கதை கட்டுக்கதை. அவர் இங்கிலாந்தில் முடிசூடியது 1603-இல். 1526-இல் வெளிவந்த, டின்டேல் மொழிபெயர்த்த ஆங்கிலப் புதிய ஏற்பாட்டிலேயே ஜேம்ஸ்தான்.

மூலம் எபிரேயத்தில் 'யாகோவ்'. குதிகாலுக்கு அம்மொழியில் 'ஆகேவ்'. அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பிடித்தபடி பிறந்ததால் அந்தப் பெயர் என்கிறது ஆதியாகமம் 25:26. 27:36-இல் ஏசா அதையே 'எத்தன்' என்ற பொருளில் திருப்பிப் போட்டுக் குமுறுகிறான். 'கடவுள் காப்பாராக' என்ற நீண்ட பெயரின் சுருக்கம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

பெயர் பிரிந்தது லத்தீனில். யாக்கோபுஸ் என்பது பேச்சுவழக்கில் யாக்கோமுஸ் ஆனது. 'ப' போய் 'ம' வந்தது, அவ்வளவுதான். இத்தாலியில் ஜாக்கொமோ, பழைய பிரெஞ்சில் நடு எழுத்தும் தேய்ந்து ஜேம்ஸ். ஸ்பெயினில் யாகோ, முன்னே புனிதர் பட்டம் ஒட்டிச் சந்தியாகோ. போர்ச்சுக்கீசியர் வழியாக நமக்குச் சந்தியாகு. தமிழ்க் கத்தோலிக்கர் யாக்கோபை அழைக்கும் யாகப்பரில் உள்ள 'அப்பர்', இராயப்பர் (பேதுரு), சின்னப்பர் (பவுல்), அருளப்பர் (யோவான்) ஆகியவற்றில் வருவதேதான். கேரளத்துச் சாக்கோவும் இதே குடும்பம். தமிழ் பைபிள் இருவரையும் யாக்கோபு என்றே வைத்துக்கொண்டதால் நமக்கு இந்தக் குழப்பமே இல்லை!

எண்ணிக்கை:
அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பட்டியலில் 1999 முதல் 2012 வரை, 14 ஆண்டுகள், ஆண் குழந்தைப் பெயர்களில் ஜேக்கப் முதலிடம். 2013-இல் நோவா முந்தியது. ஜேம்ஸ் 1940-களிலேயே முதலிடத்தில் இருந்த பெயர். ஜேக்கப் என்ற பாத்திரம் வரும், 2008-இல் வந்த 'ட்வைலைட்' ரத்தக்காட்டேரிப் படத்தால்தான் ஜேக்கப் ஏறியது என்பார்கள். அதற்கு 9 ஆண்டுகள் முன்பே உச்சியில் இருந்த பெயர் அது. இன்னொன்று: அந்தப் பட்டியல் எழுத்துக்கூட்டல் வாரியாக எண்ணுவது. 'சி' போட்ட ஜேக்கப்பும் 'கே' போட்ட ஜேக்கப்பும் தனித்தனி வரிசை. மொத்தம் வேண்டுமென்றால் நாமேதான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பழம்பதிவு:
முன்னோர் தேடுபவர்களுக்கு: பழைய கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவேடுகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். வீட்டில் சந்தியாகு என்று கூப்பிட்டவரும் அங்கே யாக்கோபுஸ்தான். வேற்றுமைக்கேற்ப விகுதியும் மாறும். தந்தை பெயராக வந்தால் 'யாக்கோபி'. 'இவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன்' என்ற வாக்கியத்தில் 'யாக்கோபும்'. அதை நம் 'உம்' என்று எடுத்துக்கொண்டால், இல்லாத இரண்டாவது பிள்ளையைத் தேட வேண்டியிருக்கும். அகரவரிசையில் 'ஐ', 'ஜே' இரண்டிலும் பாருங்கள். பழைய எழுத்தர்கள் இரண்டையும் ஒன்றாகவே வைத்தார்கள். ஆங்கிலப் பதிவுகளில் ஜே-ஏ-எஸ் என்று மூன்றெழுத்து இருந்தால் அது ஜேம்ஸின் சுருக்கம்.

சொல்லாய்வு:
இதோடு ஒன்று. பிரெஞ்சு ஜாக் யாக்கோபுதான். ஆங்கில ஜாக் பெரும்பாலும் ஜானின், அதாவது யோவானின் செல்லப்பெயர். இரண்டையும் ஒரே கிளையில் போட்டால் வம்சாவளி தடம் மாறிவிடும்.