பெரிய புதிய சபைக்கு முதன்முறை சென்று வந்தேன்: இங்கே ஒருவர் அங்கத்தினர் ஆவது எப்படி?

கேள்வி (தக்கலை வாசகி)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் குடும்பம் தலைமுறைகளாகத் தக்கலை அருகே ஒரு கிராமத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் இருந்து வருகிறது. வேலைக்காக நாகர்கோவிலில் குடியேறிய பிறகு, உடன் பணிபுரியும் ஓர் அக்கா அழைத்ததன் பேரில், நகருக்கு வெளியே உள்ள ஒரு பெரிய சுயாதீன சபையின் ஞாயிறு ஆராதனைக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு சென்றேன். வண்டி நிறுத்தும் இடத்திலேயே இளைஞர்கள் வழிகாட்டினார்கள். வாசலில் நின்ற சகோதரிகள் முகம் மலர வரவேற்று, புதியவர்களுக்கான அட்டையில் பெயர், கைப்பேசி எண், ஜெபக் குறிப்பு ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொண்டார்கள். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பெண்கள் பக்கம் எது என்று தேட, இங்கே குடும்பமாகவே உட்காரலாம் என்று சொல்லி எங்களை நடுவரிசையில் அமர்த்தினார்கள். அம்மா பையிலிருந்து எடுத்த பாட்டுப் புத்தகம் மடியிலேயே இருந்தது, வரிகள் எல்.இ.டி. திரையில் ஓடின, டிரம்ஸ் ஓசை நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. பாடல்களின் முடிவில் சுற்றியிருந்த பலரும் ஒரே நேரத்தில் அந்நிய பாஷையில் (ஆவியானவர் அருளுவதாக நம்பப்படும், கேட்பவருக்குப் புரியாத மொழியில்) ஜெபிக்கத் தொடங்கியபோது, அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பிரசங்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கடனில் தவிக்கும் குடும்பங்களைப் பற்றிப் போதகர் பேசியது நேராக மனதில் தைத்தது. ஆனால் ஆராதனை முடிந்ததும் அடுத்த ஆராதனைக்கான கூட்டம் உள்ளே வரத் தொடங்கிவிட்டதால், எங்களோடு நின்று பேச யாருக்கும் நேரமில்லை. எங்கள் ஊரில், காணிக்கையாக வந்த வாழைக்குலையையும் தேங்காயையும் ஏலம் விட்டு முடிப்பதற்குள், யார் வீட்டில் யாருக்குச் சுகமில்லை என்பது வரை தெரிந்துவிடும். இவ்வளவு பெரிய சபையில் ஒருவர் உண்மையாகவே அங்கத்தினர் ஆவது எப்படி? முதல் நாள் தோன்றிய அந்நிய உணர்வை வைத்து முடிவெடுக்கலாமா?

மறுமொழி (நாகர்கோவில் வாசகர்)

சகோதரிக்கு ஸ்தோத்திரம். நான் இத்தகைய சபையொன்றில் பல ஆண்டுகளாக இருப்பவன். வாரந்தோறும் 2,000 பேருக்கு மேல் கூடும் சபைகளை ஆய்வாளர்கள் ‘மெகா சர்ச்’ என்று வகைப்படுத்துகிறார்கள். அத்தனை பேரையும் ஒரு போதகர் பெயர் சொல்லி அறிந்திருப்பது நடக்கக்கூடிய காரியமன்று. இதற்குப் பல நாடுகளில் பின்பற்றப்படும் வழி தென்கொரியாவில் வலுப்பெற்றது. 1958இல் சியோல் நகரில் ஒரு கூடாரத்தில் போதகர் யாங்கி சோ தொடங்கிய சபை வேகமாக வளர்ந்தபோது, எல்லாப் பொறுப்பையும் தாமே சுமந்த அவர் 1964இல் உடல் தளர்ந்து விழுந்தார். அதன் பிறகே சபையைச் சிறுசிறு வீட்டுக் குழுக்களாகப் பிரித்து, அவற்றின் தலைமையைப் பெரும்பாலும் பெண்களிடம் ஒப்படைத்தார். நம் ஊரில் ‘செல் குரூப்’ என்றும் ‘வீட்டுக் கூட்டம்’ என்றும் சொல்வது இதைத்தான்.

என் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது, தூக்குவாளியில் கஞ்சியும் பயறும் கொண்டு வந்து, இரவில் முறை வைத்து உடனிருந்தவர்கள் எங்கள் வீட்டுக் கூட்டத்தார். மேடையில் பிரசங்கித்த போதகருக்குச் செய்தி பிறகுதான் போய்ச் சேர்ந்தது. அதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. ஆகவே ஞாயிறு ஆராதனையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் பகுதியில் கூட்டம் நடக்கிறதா என்று கேட்டு, அம்மாவோடு அங்கே போய்ப் பாருங்கள். அப்படி ஒரு குழுவே இல்லை என்றால், அந்தச் சபையில் நீங்கள் எத்தனை ஆண்டு இருந்தாலும் பார்வையாளராகவே இருப்பீர்கள்.

மறுமொழி (மார்த்தாண்டம், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

மகளே, பெரிய ஆலயம் நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். அங்கே முதல் ஆலயம் 1809இல் எழுந்தது. அதற்குப் பத்தே ஆண்டுகளில், 1819இல், நாகர்கோவில் ஹோம் சர்ச்சுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அன்றைய சிறிய சபையைக் காட்டிலும் மிகப் பெரிய கட்டடத்தைத்தான் மிஷனரி மீட் ஐயர் மனதில் வைத்திருந்தார். நாம் பழையவை என்று போற்றுகிற கீர்த்தனைகளும் ஒரு காலத்தில் புதியவையாகவே வந்தன. ஆதலால் கட்டடத்தின் அளவையோ இசைக்கருவிகளையோ காட்டி ஒரு சபையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உன் தாயார் அஞ்சிய இடம் வேறு. அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புதிதாக உள்ளே வருகிறவர் எல்லாரும் அந்நிய பாஷையில் பேசக் கேட்டால் என்ன நினைப்பார் என்று பவுல் அப்போஸ்தலரே 1 கொரிந்தியர் 14ஆம் அதிகாரத்தில் கேட்டிருக்கிறார். பேசுகிறவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பேச வேண்டும், அர்த்தம் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும், இல்லையென்றால் சபையில் அமைதியாக இருக்க வேண்டும் என்று ஒழுங்கும் வகுத்திருக்கிறார். அந்த அதிகாரத்தை உன் சபைப் போதகரிடமும் அந்தச் சபைப் போதகரிடமும் எடுத்துச் சென்று கேள். கேள்வி கேட்பவரைப் பொறுமையோடு உட்கார வைத்து விளக்குகிற போதகர் உள்ள சபைக்கு நீ தயங்காமல் போகலாம்.

தக்கலை வாசகி

நன்றி அண்ணா, நன்றி ஐயா. அட்டையில் கொடுத்த எண்ணுக்கு நேற்று ஒரு சகோதரி அழைத்து, அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி எழுதியிருந்ததை நினைவில் வைத்து விசாரித்தார். வெள்ளிக்கிழமை வீட்டுக் கூட்டத்துக்கும் அழைத்திருக்கிறார். அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் ஊர்ச் சபையில் பெயரை எடுத்துவிட வேண்டி வருமோ என்பதே இப்போது அவருடைய கவலை.

மறுமொழி (கருங்கல் வாசகி)

தங்கச்சி, அவசரப்பட்டுப் பெயரை எடுக்க வேண்டாம். நம் மாவட்டத்தில் நிலம் குறைவு, வீடுகள் நெருக்கம். பல குடும்பங்களுக்கு அடக்கத்துக்குச் சபையின் கல்லறைத் தோட்டத்தை விட்டால் வேறு இடம் இல்லை. அங்கத்தினர் சந்தா நின்றுபோன குடும்பத்தில் ஒரு சாவு விழுந்தால், துக்கத்தின் நடுவே பிள்ளைகள் கமிட்டியின் முன் நின்று பேச வேண்டிய நிலை வருகிறது. எங்கள் உறவிலேயே அதைப் பார்த்து நான் மிகவும் வேதனைப்பட்டேன். அப்பா அங்கே அடக்கமாகியிருந்தால், அம்மாவின் கவலைக்குள் இதுவும் இருக்கும். வாய்விட்டுச் சொல்ல மாட்டார், நீதான் கேட்க வேண்டும்.

புதிய சபையிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. கல்லறை நிலம் இருக்கிறதா, காணிக்கைக்கு ரசீது உண்டா, ஆண்டுக் கணக்கை அங்கத்தினர் முன் வைக்கிறார்களா, உங்கள் வீட்டில் திருமணம் வந்தால் 90 நாட்களுக்குள் பதிவு செய்வதற்குச் சபையின் சான்றிதழ் கிடைக்குமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். சிறு வயதில் ஞானஸ்நானம் பெற்றவர்களிடம், அங்கத்தினர் ஆக மறுபடியும் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கச் சொல்லும் சபைகளும் உள்ளன. அம்மாவின் வயதில் அது பெரிய மனப்போராட்டமாகிவிடும், முன்னதாகவே தெரிந்துகொள்வது நல்லது. வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குத் தாராளமாகப் போங்கள். ஊர்ச் சபையின் சந்தாவை மட்டும் இந்த மாதமும் தவறாமல் கட்டிவிடுங்கள்.