சாமி இல்லை என்கிறவன் கொடைக்கு வரி கட்டலாமா?

தேரிக்காட்டான்:
நண்பன் ஒருவனோடு மூன்று நாளாகச் சண்டை, இங்கே கொண்டுவந்து போடுகிறேன், நீங்களே சொல்லுங்கள்.

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. கல்லூரியில் சேர்ந்த வருடம் போனது, அப்புறம் திரும்பி வரவில்லை. வீட்டில் விளக்கேற்றுவது மனைவி, நான் தீப்பெட்டி எடுத்துக் கொடுப்பதோடு சரி. ஆனால் ஊரில் எங்கள் சுடலைமாடன் கோயில் கொடைக்கு வருடா வருடம் தலைக்கட்டு வரி கட்டுகிறேன், போன தடவை 4,000 ரூபாய். மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் இந்தச் சாமிகளுக்கு எடுக்கும் திருவிழாவுக்குக் கொடை என்று பெயர். செலவைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்து வாங்குவது வரி. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு.

வரி மட்டுமில்லை, லீவு போட்டுவிட்டுப் போகவும் செய்கிறேன். சாமக்கொடை நடக்கும்போது கோயில் முன்னால் மணலில் உட்கார்ந்து வில்லுப்பாட்டு கேட்பேன். எங்கள் சாமியாடி என் சித்தப்பாதான். மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், சாதாரண நாளில் சத்தமாகக்கூடப் பேச மாட்டார். அன்றைக்கு நடுச்சாமத்தில் கையில் தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்கு ஓடுவார், கூட நாலைந்து பேர், மற்ற எல்லோரும் மூச்சு விடாமல் இருட்டைப் பார்த்துக்கொண்டு இருப்போம். திரும்பி வந்து என் நெற்றியில் திருநீறு பூசும்போது அவர் கை நடுங்கும். உள்ளங்கை கொதிக்கும். அந்த நேரம் சாமி உண்டா இல்லையா என்று நான் யோசித்ததே இல்லை.

இது ஏமாற்று வேலை என்கிறான் நண்பன். அப்படியா?

வெட்டவெளி:
அந்த நண்பன் நான்தான். ஏமாற்று என்று சொல்லவில்லை, சவுகரியம் என்று சொன்னேன். திருத்திக்கொள்.

1953இல் பெரியார் பிள்ளையார் பொம்மையை உடைத்தார். உடைத்தவருக்கும் சரி, அதைக் கேட்டுக் கொதித்தவர்களுக்கும் சரி, அது பெரிய விஷயம். இரண்டு பக்கமும் ஏதோ ஒன்றைப் பணயம் வைத்தார்கள். நீ எதை வைத்தாய்? நான் சுயமரியாதைத் திருமணம் செய்தேன். 1967லேயே சட்டம் செல்லும் என்று சொல்லியாகிவிட்டது, ஆனால் என் அம்மாவுக்கு அது செல்லவில்லை, எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. குலதெய்வம் கோயிலுக்கு நான் போவதில்லை, அதனால் ஊரில் என் பெயரும் இல்லை. அதுதான் அதன் விலை, கொடுத்துவிட்டேன். நீ 4,000 ரூபாய் கட்டிவிட்டு, இங்கே வந்து பகுத்தறிவும் பேசுகிறாய், அங்கே போய்த் திருநீறும் பூசிக்கொள்கிறாய்.

இன்னொன்று. அந்த வரி நோட்டில் எத்தனை சாதிக்காரர்கள் பெயர் இருக்கிறது? ஒரே ஒரு சாதி. நீ மணலில் உட்கார்ந்து உருகுவது சாமிக்காக இல்லை என்கிறாய், சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் எதற்காக என்று கொஞ்சம் யோசி.

ஆத்தங்கரை:
தம்பி, நான் வேறு ஊர், எங்கள் கோயில் கமிட்டியில் பதினோரு வருடமாக இருக்கிறேன், நோட்டு என் வீட்டில்தான். அதில் பெயர், தகப்பனார் பெயர், வரி, பாக்கி, கையெழுத்து என்று அஞ்சு கட்டம். நம்பிக்கை உண்டா என்று ஒரு கட்டம் கிடையாது, இருந்தால் பாதிப்பேர் பாக்கி நிற்பார்கள், நானே எந்த வருடம் எப்படி இருப்பேனோ தெரியாது. வில்லுக்காரருக்கு அட்வான்ஸ், மேளம், பந்தல், மைக்செட், பூ, கிடா, சமையல் சாமான் என்று பந்தக்கால் நடும் கால்நாட்டு அன்றைக்கே லட்சத்தைத் தாண்டிவிடுகிறது, இதில் எவன் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று யார் தோண்டிப் பார்ப்பது. துபாயில் இருந்து பணம் அனுப்புகிறவன், எட்டு வருடமாக ஊருக்கே வராதவன், அவனுக்கும் படைப்புச்சோறு ஒரு பெட்டி எடுத்துவைத்து அவன் அம்மா கையில் கொடுக்கிறோம். அது அந்த வீட்டுப் பங்கு.

தேரிக்காட்டான் தம்பி சும்மா வரட்டும், கட்டட்டும். பிரச்சினை ஒன்றுமில்லை.

மூணாவது மகள்:
பிரச்சினை ஒன்றுமில்லையா அண்ணாச்சி? நான் சொல்கிறேன் கேளுங்கள்.

எனக்குச் சாமி நம்பிக்கை உண்டு, நிறையவே உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் மாத்திரை, அடுத்து மஞ்சள் துணியில் காசு முடிந்துவைப்பது, இரண்டும் செய்வேன். எங்கள் அப்பாவுக்கு மூன்றும் பெண். முப்பத்தெட்டு வருடம் எங்கள் கோயிலுக்கு வரி கட்டினார், ரசீது எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார், பழசு ஒன்று 15 ரூபாய். அவர் இறந்து அடுத்த கொடைக்கு நான் பணம் கொண்டுபோனேன். கமிட்டியில் வாங்கினார்கள். வாங்கி மைக்கில் என் பெயரைச் சொல்லி, இன்னார் மகள், நன்கொடை 5,000 என்று மூன்று தடவை அறிவித்தார்கள். ரசீதைப் பார்த்தால் நன்கொடை என்று இருக்கிறது. வரி இல்லையா என்று கேட்டேன். அந்தத் தலைக்கட்டு முடிந்துவிட்டதம்மா என்றார் ஒரு பெரியவர், ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார்.

அன்றைக்குப் படைப்புச்சோறு பிரிக்கும்போது பனையோலைப் பெட்டிகளை வரிசையாக வைத்து நோட்டில் உள்ள பெயரைப் படித்துக் கூப்பிட்டார்கள். அப்பா பெயர் இருக்கும் இடம் எனக்கு மனப்பாடம். அவருக்கு முந்தின பெயர் வந்தது, பிந்தின பெயர் வந்தது. நடுவில் ஒன்றுமில்லை. ஒரு சித்தி அவர்கள் பெட்டியிலிருந்து ஒரு கை அள்ளி என் முந்தானையில் போட்டார். அதை நான் சாப்பிடவே இல்லை, வீடு வரைக்கும் கொண்டுவந்து காக்காய்க்கு வைத்தேன்.

தேரிக்காட்டான் அண்ணே, உங்கள் பதிவைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வந்தது, உங்கள் மேல் இல்லை. நம்பாத உங்களுக்கு ஒரு பெட்டி இருக்கிறது, நம்புகிற எனக்கு இல்லை. நீங்கள் நண்பரோடு சண்டை போடுவது வேறு ஏதோ விஷயத்துக்காக.

ஆத்தங்கரை:
தாயி, மனசு கஷ்டப்படாதே. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் புருஷன் வீட்டுச் சாமிதானே குலதெய்வம். அங்கே உனக்குத் தலைக்கட்டு இருக்கிறது. ஒருத்தருக்கு இரண்டு இடத்தில் வரி போட முடியுமா? காலங்காலமாக உள்ள முறை, இதை நாம் இன்றைக்கு மாற்றினால் நாளைக்கு இன்னொருத்தர் வந்து இன்னொன்று கேட்பார்.

மூணாவது மகள்:
அங்கே இருப்பது என் வீட்டுக்காரர் தலைக்கட்டு. நான் அதில் ஒரு சாப்பாட்டு இலை.

அப்பா நிலம் மூன்று பேர் பெயரிலும் பட்டா மாறிவிட்டது. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்தாயிற்று, 2005இல் நாட்டுக்கே வந்தது. தாலுகா ஆபீசில் ஒத்துக்கொண்டதைச் சுடலை ஆபீசில் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். சுடலை மறுக்கவில்லை, அது எனக்குத் தெரியும். வில்லுப்பாட்டில் நீங்களும் கேட்டிருப்பீர்கள் அண்ணாச்சி, விளக்குச் சுடரில் பிறந்த பிள்ளை, சுடுகாட்டுப் பிணத்தைத் தின்றுவிட்டான் என்று கயிலாயத்தை விட்டு அனுப்பிவைத்த பிள்ளை. தகப்பன் வீட்டில் இடமில்லாமல் வந்து நின்ற சாமியைக் கும்பிட்டுக்கொண்டு எனக்கு இடமில்லை என்கிறீர்கள்.

வெட்டவெளி:
அண்ணாச்சி, காலங்காலமாக என்று சொன்னீர்களே, ஒன்று கேட்கிறேன். 2003இல் அரசு 1950ஆம் வருடத்துப் பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்துக் கோயில்களில் கிடா, கோழி வெட்டக் கூடாது என்று உத்தரவு போட்டதே, ஞாபகம் இருக்கிறதா? அந்த ஆவணியில் எங்கள் ஊர்க் கோயில் வாசலில் போலீஸ் நின்றது. பூசணிக்காயை வெட்டிக் கொடையை முடித்தார்கள். சாமி ஆடினார், குறி சொன்னார், கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. அடுத்த வருடம் சட்டத்தையே நீக்கினார்கள், பழையபடி கிடா வந்தது. போலீஸ் நின்றால் மாற்ற முடிகிற முறையை ஒரு பெண் நின்று கேட்டால் மாற்ற முடியாதா?

(நான் போவதில்லை என்றேன், போலீஸைப் பார்க்கப் போனேன். அவ்வளவுதான்.)

அசனச்சோறு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் கிறிஸ்தவர்கள், சாத்தான்குளம் பக்கம், வேதத்துக்கு வந்து ஐந்து தலைமுறை. உங்களிடம் வரி என்றால் எங்களிடம் சங்கம், வருடத்துக்கு இவ்வளவு என்று குடும்பம் குடும்பமாகச் சபைக்குக் கட்டுவது. அசனம் அன்றைக்குக் கோயில் வளாகத்தில் பெரிய பெரிய அண்டாவில் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, ஊரே உட்கார்ந்து சாப்பிடும், வேற்று மதத்துக்காரர்களும் வருவார்கள். யாரையும் நம்பிக்கை உண்டா என்று கேட்பதில்லை, இதில் ஆத்தங்கரை அண்ணாச்சி சொல்வது சரி. ஆனால் என் மாமா ஒருத்தர் பத்து வருடம் சங்கம் கட்டாமல் இருந்து மும்பையில் இறந்துபோனார். உடலைக் கொண்டுவந்தோம். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுவதற்கு முன்னால் பாக்கியைக் கணக்குப் போட்டார்கள். அத்தை கழுத்திலிருந்ததைக் கழற்றிக் கொடுக்கப் போனார், அப்புறம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டினோம்.

அதிலிருந்து நான் ஜெபிக்க மறந்தாலும் சங்கம் கட்ட மறப்பதில்லை. வெட்டவெளி இதைச் சவுகரியம் என்பார். எனக்குப் பயம். தேரிக்காட்டானுக்கும் உள்ளுக்குள் அதுதானோ என்று தோன்றுகிறது.

தேரிக்காட்டான்:
பயம் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. இருக்கலாம். அப்பா இறந்தபோது பந்தல்காரருக்குச் சொன்னதிலிருந்து சுடுகாட்டில் விறகு அடுக்கியது வரைக்கும் அந்த நோட்டில் உள்ள பெயர்கள்தான் செய்தன. நான் சென்னையிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. யாருக்கும் நான் போன் செய்யவில்லை.

மகுடம் பேரன்:
ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கணியான் என்பது எங்கள் சாதி, கொடைகளில் நாங்கள் ஆடுவது கணியான் கூத்து. என் தாத்தா அதை ஆடியவர், மகுடம் அடிப்பவர். வட்டமான பறை மாதிரி இருக்கும், இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடிப்பார்கள். மகுடம் முழங்காமல் எத்தனையோ கோயில்களில் சுடலை இறங்க மாட்டார் என்பார்கள். கைவெட்டு என்று ஒன்று உண்டு, தெரியுமா? கணியான் தன் கையைக் கீறி ரத்தத்தைச் சாமிக்கு விடுவது. தாத்தாவின் இடது கையில் முழங்கைக்குக் கீழே வரிவரியாகத் தழும்பு, சின்ன வயதில் நான் அதை எண்ணி விளையாடுவேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊர்ப் பெயர் சொல்வார்.

அந்த ஊர் எதிலும் எங்களுக்கு வரி கிடையாது. சம்பளம் உண்டு, வேட்டி துண்டு உண்டு, சோறு தனியாக உண்டு. அக்கா, உங்கள் அப்பா பெயர் நோட்டில் விட்டுப்போனதற்காக எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஆனால் ரத்தம் கொடுத்தவர் பெயர் அந்த நோட்டில் எழுதப்பட்டதே இல்லை.

நம்பிக்கையைப் பற்றிக் கேட்டால், தாத்தா நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. வலிக்குமா என்று கேட்டேன். கொடை முடிந்து பஸ்ஸில் வரும்போது வலிக்கும் என்றார்.

மூணாவது மகள்:
தம்பி, இதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் கேட்பதும் என் சாதிக்குள்ளே ஒரு இடம்தான், அதை மறைக்கவில்லை.

வெட்டவெளி:
நான் முதலில் கேட்ட சாதிக் கேள்வியை நான் புத்தகத்திலிருந்து கேட்டேன். இவர் கையைக் காட்டிவிட்டார்.

தேரிக்காட்டான்:
நேற்று ராத்திரி எங்கள் கமிட்டிச் செயலாளருக்குப் போன் போட்டேன். எங்கள் ஊரிலும் ஆண் வாரிசு இல்லாத வீடு இரண்டு உண்டு, மகள்கள் கட்டினால் வரி என்றே ரசீது போடலாமே என்று கேட்டேன். சித்தப்பாவும் பக்கத்தில் இருந்தார் போல, அவரிடம் கேட்டதற்கு, சாமி எப்போதடா வேண்டாம் என்று சொன்னது, கமிட்டியைக் கேள் என்றாராம். செயலாளர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், ரசீதுப் புத்தகம் சிவகாசியில் அடித்து வந்துவிட்டதே, அதில் ‘திரு. இன்னார் குமாரர்’ என்று அச்சிலேயே இருக்கிறதே, இனி அடுத்த வருடம்தான் பார்க்க வேண்டும் என்றார். மகுடம் அடிப்பவர்களைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

மூணாவது மகள்:
குமாரர் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டு அடித்து, மேலே மகள் என்று எழுத, உங்கள் கமிட்டியில் யாரிடமும் பேனா இல்லையாமா?

ஆத்தங்கரை:
எங்கள் கமிட்டியில் பேனா இருக்கிறது தாயி. ஏழு பேர் இருக்கிறோம், நாலு பேர் கையெழுத்துப் போட்டால் முறை மாறும். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டம், நான் ஒருத்தன் போடுகிறேன். மற்றதை ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்கிறேன்.