ப்ராக்ஸிக்குத் தமிழ்: பதிலியா, பதிலாளா, வாயிலா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

மதுரையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான செய்முறைக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். வீட்டு ரவுட்டரோடு ராஸ்பெர்ரி பை 3 என்ற சிறு கணினிப் பலகையை இணைத்து, அதில் ஷேடோசாக்ஸ் என்ற ப்ராக்ஸி மென்பொருளை நிறுவுவதுதான் பாடம். ரயில் நிலையத்திலோ விடுதியிலோ பொது வைஃபையில் இருக்கும்போது, மடிக்கணினியின் உலாவி வீட்டிலுள்ள அந்தப் பலகை வழியாக இணையத்துக்குப் போகும். இடையில் எவர் ஒட்டுக்கேட்டாலும் ஒன்றும் விளங்காது.

பாடம் எளிது, தலைப்புதான் நகரமாட்டேன் என்கிறது: ‘லைட்வெயிட் என்க்ரிப்டட் ப்ராக்ஸி ஆன் லோ-பவர் டிவைசஸ்’. ‘குறைதிறன் கருவிகளில் இலகு மறைகுறியாக்கப் பதிலாள்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் மூச்சு முட்டுகிறது. கணினியைப் பதில்‘ஆள்’ என்னலாமா என்பதும் உறுத்துகிறது. உதவுங்கள்.

கோவையிலிருந்து, வலையமைப்பு நிர்வாகி:

அக்கா, சொல்லுக்கு முன்னால் பொருளைச் சொல்லிவிடுகிறேன்.

சாக்ஸ் 5 என்ற நெறிமுறை 1996இல் ஆர்.எஃப்.சி. 1928 என்ற இணையத் தர ஆவணமாக வெளிவந்தது. ‘எனக்காக அந்தத் தளத்தோடு இணைந்து கொடு’ என்று உலாவி கேட்கும், ப்ராக்ஸி செய்து கொடுக்கும். மறையாக்கம், அதாவது என்க்ரிப்ஷன், அதில் கிடையாது. ஷேடோசாக்ஸ் 2012இல் சீனாவில் ஒரு நிரலர் எழுதியது. இந்த வேலையை அது இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பாதி உங்கள் மடிக்கணினியிலேயே 127.0.0.1 முகவரியில், வழக்கமாக 1080ஆம் துறையில் (போர்ட்), காத்திருக்கும். மறுபாதி வீட்டுப் பலகையில் இருக்கும். இந்த இரண்டு பாதிகளுக்கும் நடுவில்தான் மறையாக்கம். பலகையிலிருந்து வலைத்தளத்துக்குப் போகும் பாதைக்கு இது பொறுப்பல்ல. அங்கே அந்தத் தளத்தின் சொந்த மறையாக்கமான எச்.டி.டி.பி.எஸ். பார்த்துக்கொள்ள வேண்டும். வி.பி.என். போல முழுக் கணினியின் போக்குவரத்தையும் இது இழுத்துக்கொள்வதுமில்லை. எந்தச் செயலிக்கு முகவரி கொடுத்தோமோ அதற்கு மட்டும்தான். நாம் தேர்ந்தெடுக்கும் சொல் இந்த இரண்டையும் மறைத்துவிடக் கூடாது.

‘லைட்வெயிட்’ என்பதும் வெறும் அலங்காரமில்லை. கையேட்டின் அமைப்புக் கோப்பில் மறையாக்க முறை என்ற வரியில் ‘சாச்சா20-ஐஈடிஎஃப்-பாலி1305’ என்று இருக்கும். இதில் சாச்சா20 என்பதுதான் மறையாக்க முறை. பரவலாக வழங்கும் இன்னொரு மறையாக்கமான ஏ.இ.எஸ். வேகமாக ஓடச் சில்லிலேயே அதற்கான ஆணைகள் வேண்டும். பை 3, பை 4 சில்லுகளில் அவை இல்லை, பை 5இல்தான் வந்தன. சாச்சா20க்கு 32 பிட் எண்களைக் கூட்டுவது, சுழற்றுவது, எக்ஸ்-ஆர் செய்வது, இவை மட்டும் போதும். எந்தச் சில்லும் இவற்றைச் சளைக்காமல் செய்யும்.

சொல்லுக்கு என் வாக்கு ‘பதிலி’. செயலி, உலாவி, வழங்கி வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சென்னையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

தம்பியின் விளக்கம் தெளிவு. சொல்லில்தான் உடன்பாடில்லை.

செயல், உலாவு, வழங்கு ஆகியவற்றின் மேல் ஏறும் இகரம் வேறு, பெயர்ச்சொல்லின் மேல் ஏறும் இகரம் வேறு. வில்லை உடையவன் வில்லி. அந்த வாய்பாட்டில் ‘பதிலி’ என்றால் பதிலை உடையது என்றாகும். இன்றைய மாணவனுக்குப் பதில் என்றால் விடை. விடை சொல்லும் கருவி என்றே படிப்பான். மேலும் ‘பதில்’ தமிழே அன்று. அரபியின் ‘பதல்’ உருது வழியாக வந்தது என்று சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி காட்டுகிறது.

தமிழில் இதற்கு ஈராயிரம் ஆண்டாகச் சொல் இருக்கிறது: வாயில். தலைவனும் தலைவியும் நேரில் பேச இயலாதபோது இடையில் நின்று சொல் கொண்டு செல்வோரைத் தொல்காப்பியக் கற்பியல் தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன் என்று தொடங்கிப் பன்னிருவராக எண்ணி, ‘யாத்த சிறப்பின் வாயில்கள் என்ப’ என்று முடிக்கிறது. ப்ராக்ஸி செய்வது வேறென்ன? தலைவி இடையாளைத் திருப்பி அனுப்பும் துறைக்கு ‘வாயில் மறுத்தல்’ என்று பெயர். ‘ஆக்சஸ் டினைட்’ என்று திரையில் வரும்போதெல்லாம் நான் அதைத்தான் நினைத்துக்கொள்வேன். உடன்பட்டு ஏற்பது ‘வாயில் நேர்தல்’. ஒரு சொல்லைத் தொட்டால் குடும்பமே கூட வருகிறது.

மறையாக்கத்துக்கும் நன்னூல் தந்த சொல் ‘குழூஉக்குறி’. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார்கள். குழுவுக்குள் இருப்பவனுக்கு மட்டும் விளங்கும். இந்த மென்பொருளும் இரு முனையிலும் ஒரே கடவுச்சொல்லை வைத்துத்தானே இயங்குகிறது?

யாழ்ப்பாணத்திலிருந்து, தகவல் தொழில்நுட்ப ஆசிரியர்:

ஐயா, வாயில்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் இந்தக் கையேட்டுக்கு அது சரிவராது. ‘கேட்வே’யை நுழைவாயில் என்று சொல்லிப் பழகிவிட்டோம். பலகைக்கு ஐ.பி. முகவரி கொடுக்கும் அதே பக்கத்தில் ரவுட்டரின் முகவரியை ‘நுழைவாயில்’ என்ற பெட்டியில் எழுதவேண்டும். அதற்குக் கீழேயே ‘வாயில்’ என்று இன்னொன்று வந்தால் பிள்ளைகள் இரண்டிலும் ஒரே எண்ணைப் போடுவார்கள், கருவி வேலை செய்யாது.

குழூஉக்குறியும் ஒத்துவராது. ‘பறி’ எப்போது கேட்டாலும் ‘பறி’தான். நாலு நாள் கடையில் நின்றவன் கண்டுபிடித்துவிடுவான். இங்கே ஒவ்வொரு இணைப்புக்கும் புதிதாக ‘உப்பு’ எனப்படும் ஒரு தற்போக்கு எண்ணைச் சேர்த்து, கடவுச்சொல்லிலிருந்து புதிய சாவி ஒன்றைப் பிறப்பிக்கிறார்கள். ஒரே வசனத்தை இரண்டு தரம் அனுப்பினாலும் வெளியே பார்ப்பவனுக்கு இரண்டும் வேறுவேறு.

இன்னொன்று. உங்கள் பாடநூல்களில் ‘பவர்’ திறன், எங்கள் பாடநூல்களில் வலு. ‘குறைதிறன் கருவி’ என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றுக்கும் உதவாத கருவி. ‘இலகு’வும் அப்படித்தான், எங்களுக்கு அது சுலபம் என்ற பொருளில்தான் வரும்.

கோவையிலிருந்து, வலையமைப்பு நிர்வாகி:

> ‘குறைதிறன் கருவி’ என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றுக்கும் உதவாத கருவி.

இங்கேயும் அப்படித்தான் படிப்பார்கள் அண்ணா. ‘குறைமின் கருவி’ எனலாம். குறைந்த மின்சாரத்தில் ஓடுவது என்று இரு கரையிலும் விளங்கும். ‘இலகு’வைத் தலைப்பிலிருந்தே எடுத்துவிட்டு, சாச்சா20 பற்றிய பத்தியில் நினைவகத்துக்கும் சில்லுக்கும் சுமை குறைவு என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

‘குறியாக்கம்’ மட்டும் தயவுசெய்து வேண்டாம். டிஸ்கி, டாப், டாம் என்ற பழைய தமிழ் எழுத்துரு முறைகளின் காலத்திலிருந்தே அது ‘என்கோடிங்’குக்குப் போய்விட்டது.

தஞ்சாவூரிலிருந்து, தனித்தமிழ் ஆர்வலர்:

மறையாக்கிய பாதையைச் ‘சுருங்கை’ என்றே சொல்லலாமே. மதுரை மதிலின் நிலத்தடி வழியைச் சிலப்பதிகாரம் ‘சுருங்கை வீதி’ என்கிறது. சுருங்கு என்ற வினையடியிலிருந்து பிறந்த தூய தமிழ்ச் சொல்.

சென்னையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

சொல் அழகியது. பிறப்புக் கதை உறுதியானதன்று. கிரேக்கத்தில் ‘சிரிங்க்ஸ்’ குழலையும் குறிக்கும், மதிலின் கீழ்த் தோண்டும் வழியையும் குறிக்கும். அதுவே வடமொழியில் ‘சுருங்கா’ ஆயிற்று என்பது அறிஞர் பலர் கொள்கை. யவனர் நம் மதில்களைக் காத்து நின்றதையும் இலக்கியம் சொல்கிறது. ஆகவே

மட்டுறுத்துநர்:

சுருங்கை பற்றிய பேச்சைத் தனி இழையில் தொடர வேண்டுகிறேன். வி.பி.என். வரும்போது ‘டனல்’க்கு அது கட்டாயம் வேண்டியிருக்கும். இங்கே வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

சேலத்திலிருந்து, பாலிடெக்னிக் விரிவுரையாளர்:

இந்தக் கையேட்டை வகுப்பில் நடத்தப் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். என் மாணவர்களுக்கு ‘ப்ராக்ஸி’ அந்நியச் சொல் அல்ல. நண்பன் வராத நாளில் அவன் பெயரைக் கூப்பிட்டதும் இன்னொருவன் ‘உள்ளேன் ஐயா’ என்று குரல் கொடுப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே ப்ராக்ஸி. ஒருவருக்காக இன்னொருவர் பேசுவது, எதிரில் இருப்பவர் அதை அவரே பேசியதாக எடுத்துக்கொள்வது, இரண்டும் அதில் இருக்கின்றன. வலைத்தளம் வீட்டு இணைப்பின் முகவரியை மட்டும் பார்க்கிறது என்பதை அந்த ஒரு சொல்லை வைத்தே விளக்கிவிடுவேன். ‘பதிலி’ என்று எழுதினால் முதலில் பதிலியை விளக்கி, அப்புறம் ப்ராக்ஸியை விளக்க வேண்டும். இலக்கணம் சரியாக இருந்து மாணவனுக்குப் புரியாமல் போனால் கையேடு யாருக்கு?

மதுரையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் அச்சில் ‘ப்ராக்ஸி’ என்றே விட்டால் அடுத்த கையேட்டிலும் அப்படியேதான் வரும். கணினி, இணையம், உலாவி எல்லாமே யாரோ துணிந்து அச்சில் போட்டதால்தான் நம் வாயில் ஏறின. பதிலாளை விட்டுப் பதிலியை எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது ‘மறைபதிலி’ என்று சுருக்கிவிடலாமா?

சென்னையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

கூடாது அம்மா. வல்லினம் மிகாமல் ‘மறைபதிலி’ என்றால் வினைத்தொகை: மறைந்த, மறைகின்ற, மறையும் பதிலி. ‘மறைப்பதிலி’ என்று மிகுந்தால் மறை பெயராகி, மறையை உடைய பதிலி. தம்பி முதலிலேயே சொன்னதைப் பாருங்கள். பதிலி மறைந்திருப்பதில்லை. மடிக்கணினி எந்த முகவரியோடு பேசுகிறது என்பதை அந்த வைஃபையை நடத்துபவர் காண முடியும். என்ன பேசுகிறது என்பதைத்தான் காண முடியாது. மறைந்திருப்பது வழியில் செல்லும் பேச்சு. ஆகவே அடை பதிலிக்கு அன்று, வழிக்கே வரவேண்டும்: ‘மறைவழிப் பதிலி’. இங்கே ஒற்று மிகும்.

‘பதில்’ என்ற சொல்மீது என் மறுப்பு அப்படியே இருக்கிறது.

கோவையிலிருந்து, வலையமைப்பு நிர்வாகி:

ஐயா, நான் நாலு பத்தியில் சொன்னதை ஒரு ‘வழி’யில் சொல்லிவிட்டீர்கள். பதிலிக்கு அப்பால் மறையாக்கம் இல்லை என்பதும் அதிலேயே அடங்கிவிடுகிறது. என் வாக்கு இதற்கே.

பாளையங்கோட்டையிலிருந்து, உறுப்பினர்:

நாள்தோறும் படித்தாலும் அரிதாகத்தான் எழுதுவேன். எங்கள் பக்கம் மறைமாவட்டம், மறைக்கல்வி எல்லாம் புழக்கத்தில் உள்ள சொற்கள். ‘மறைவழி’ என்று தலைப்பில் பார்த்தால் சமய நூல் என்று நினைக்க இடமுண்டு. சைவர்களுக்கு வேதநெறி என்று படும். ‘மறையாக்க வழி’ என்றே நீட்டி எழுதுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து, தகவல் தொழில்நுட்ப ஆசிரியர்:

இரண்டில் எதுவென்றாலும் சரி. எனக்கு உறக்கம் வருகிறது.

மதுரையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

பெரும்பான்மையை வைத்து முடிக்கிறேன். தலைப்பு: ‘குறைமின் கருவிகளில் மறைவழிப் பதிலி’. முதல் பத்தியில் ஒருமுறை ‘ப்ராக்ஸி எனப்படும் பதிலி’ என்று வரும். அமைப்புக் கோப்பை விளக்கும் இடத்தில் ‘மறையாக்க வழி’ என்று விரித்து எழுதியிருக்கிறேன். மடிக்கணினிப் பாதிக்கும் பலகைப் பாதிக்கும் நடுவில் மட்டும் கருங்கோடு இட்ட படம் ஒன்றையும் சேர்த்துவிட்டேன். அச்சகத்துக்கு இன்று மாலை அனுப்புகிறேன். எல்லோருக்கும் நன்றி.

சேலத்திலிருந்து, பாலிடெக்னிக் விரிவுரையாளர்:

படம் சேர்த்ததற்கு நன்றி அம்மா. வகுப்பில் நான் ப்ராக்ஸி என்றுதான் சொல்வேன். தேர்வுத்தாளில் எந்தச் சொல்லை எழுதினாலும் மதிப்பெண் போடுவேன்.