வெசாக் லீவும் தன்சல் வரிசையும்: காரில் வந்தவர் சாப்பிடக் கூடாதா?

கொட்டாஞ்சேனை:
நேற்று இங்கே "நேர்வழி" என்பவர் பௌத்தர்களின் வெசாக் பண்டிகை விடுமுறையை எப்படிக் கழிக்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார். குடும்பத்தோடு இரவிலேயே புறப்பட்டு நுவரெலியா போங்கள். முடியாதவர்கள் கொழும்பு கங்காராமை விகாரைக்குப் போய் பேரை வாவியில் வெளிச்சக் கூடு பாருங்கள். வீட்டில் மரக்கறி சமையுங்கள். இதுவரை சரி. அப்புறம் தன்சலைப் பற்றி, அதாவது வெசாக்கில் ரோட்டோரத்தில் வருகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிற சாப்பாட்டைப் பற்றி, ஒரு வரி: "தன்சலைக் கண்ட இடத்தில் காரை நிறுத்திவிட்டு வரிசையில் நிற்காதீர்கள். அது ஏழைகளின் சோறு. தமிழனுக்கு மானம் முக்கியம்."

இதை வாசித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. கொழும்பு தொட்டலங்க வெசாக் அலங்காரப் பந்தல் வெளிச்சத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் ஒழுங்கையில் தன்சல் போடுகிறவர்கள் யாரும் முதலாளிமார் இல்லை. ஓட்டோ ஓட்டுகிறவர், மீன் விற்கிறவர், தையல் கடைக்காரர். பல வாரம் முன்பே காசு சேர்ப்பார்கள். ஒரு வீடு அரிசி, ஒரு வீடு பருப்பு, எங்கள் அம்மா தேங்காய். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) பதிந்து, தண்ணீர் எங்கிருந்து, சமையல் எங்கே என்று காட்டி அனுமதி எடுக்க வேண்டும். போயா என்கிற முழுநிலா நாள் அன்று மாலை பௌத்த கொடியைப் பிடித்துக்கொண்டு நடு ரோட்டில் நின்று பஸ்ஸை மறிப்பார்கள், லொறியை மறிப்பார்கள், காரையும் மறிப்பார்கள். மறித்துக் கும்பிட்டு "சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்பார்கள். அப்போது கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போவதுதான் மானமா?

நேர்வழி:
அம்மாவின் தேங்காய்க் கதை நன்றாக இருக்கிறது. ஆனால் நான் கேட்டது ஒன்றே ஒன்று. காரில் வருகிறவனுக்கு அந்தச் சோறு எதற்கு? போன வெசாக்கில் பொரளைப் பக்கம் என் கண்ணாலேயே பார்த்தேன். வான் ஒன்று நின்றது. ஒரு குடும்பமே இறங்கி வரிசையில் நின்று சாப்பிட்டது, போதாதென்று பார்சலும் கேட்டது. அவர்களுக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகளோடு நின்ற பெண்ணுக்குச் சட்டி காலி. அவர் நடந்தே வந்தவர். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை:
பார்சல் கேட்டது பிழை. சாப்பிட்டது பிழை இல்லை. நீங்கள் எழுதியது பார்சலைப் பற்றி இல்லை, காரைப் பற்றி.

நேர்வழி:
ஆம், காரைப் பற்றித்தான். கார் வைத்திருப்பவன் வரிசையில் நிற்கக் கூடாது.

மஸ்கெலியா:
கொட்டாஞ்சேனை அண்ணா, உங்கள் ஒழுங்கைக் கதையை நம்புகிறேன். ஆனால் எங்கள் பக்கம் வேறு. வெசாக் லீவு விட்டால் கொழும்பு வாகனம் எல்லாம் ஹட்டன் ரோட்டில்தான் நிற்கும். ரோட்டோரத் தன்சலில் கடலையும் மரவள்ளியும் கட்டைச் சம்பலும் கொடுப்பார்கள். தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளிலிருந்து பிள்ளைகள் இறங்கி வருவதற்குள் சுற்றுலா வந்தவர்களின் வரிசை வளைவைத் தாண்டிப் போயிருக்கும். இந்த விஷயத்தில் நேர்வழி சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் நேர்வழி ஐயா, "இரவிலேயே புறப்பட்டு நுவரெலியா போங்கள்" என்று எழுதினீர்களே, அதை எந்த மனதோடு எழுதினீர்கள்? 2025 மே 11, வெசாக்குக்கு முதல் நாள் விடியற்காலை, கதிர்காமத்திலிருந்து குருநாகல் போன பஸ் கொத்மலை கெரண்டி எல்லவில் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு வந்த பஸ். நுவரெலியாவுக்கு நீங்கள் போகச் சொல்கிற மலை ரோடும் இதே போலத்தான். நித்திரை கெட்டு, வளைவு தெரியாமல் வருகிறவர்களை நாங்கள் வருடா வருடம் பார்க்கிறோம். தயவுசெய்து அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

நேர்வழி:
தங்கச்சி, அது பஸ். நான் சொன்னது சொந்த வாகனத்தில் கவனமாகப் போவதை. அந்தப் பட்டியலை எடுக்க மாட்டேன். காரைப் பற்றி நீங்களே என் பக்கம் பேசியிருக்கிறீர்கள், அதைக் கொட்டாஞ்சேனை கவனிக்கட்டும்.

மஸ்கெலியா:
நான் யார் பக்கமும் பேசவில்லை. செத்தவர்களைப் பற்றி எழுதினால் "என் பக்கம்" என்று எண்ணுகிறீர்கள்.

கொட்டாஞ்சேனை:
மஸ்கெலியா தங்கச்சி சொன்னது சரி. இரவுப் பயணத்தை வலியுறுத்துகிற பட்டியல் ஆபத்தான பட்டியல்.

இப்போது காருக்கு வருகிறேன். 2022 மறந்துவிட்டதா? பெற்றோல் இல்லாமல் காரோடு ரோட்டிலேயே இரவு பகலாகக் கிடந்தார்கள். எங்கள் சந்தியில் கார் வரிசைக்குத் தேநீரும் பாணும் கொண்டுபோய்க் கொடுத்தது நாங்கள்தான். அன்று ஒருவரும் "உன்னிடம் கார் இருக்கிறது, உனக்கு ஏன் பாண்" என்று கேட்கவில்லை. கார் என்பது ஒருவனின் வயிற்றின் அளவுகோல் இல்லை. வாடகைக்கு ஓட்டுகிறவன் இருப்பான். கடனில் எடுத்து லீசிங் கட்ட முடியாதவன் இருப்பான். ஆஸ்பத்திரியில் ஆளை விட்டுவிட்டு வருகிறவன் இருப்பான்.

இன்னொன்று. தன்சல் போடுகிறவர் தனக்குப் புண்ணியம் வேண்டும் என்று போடுகிறார். சாப்பிடுகிறவர்தான் அவருக்கு உதவி செய்கிறார். ஆள் வராத தன்சலில் போய் நின்று பாருங்கள், சட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களின் முகத்தைப் பாருங்கள். 2016இல் மழையும் வெள்ளமும், அரநாயக்கவில் மண்சரிவு வந்து நாலு நாள்கூட ஆகவில்லை, வெசாக். எங்கள் ஒழுங்கையில் தன்சலுக்குச் சேர்த்த அரிசியை அப்படியே வெள்ளத்தில் தவித்தவர்களுக்கு அனுப்பினார்கள். ஏழை யார், பணக்காரன் யார் என்று இவர்களுக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நேர்வழி:
2022, 2016 என்று வரலாறு வேண்டாம். அந்தப் பெண்ணுக்குச் சட்டி காலி. வான்காரருக்குப் பார்சல். அவ்வளவுதான்.

புத்தளம் நானா:
தம்பிமாரே, இரண்டு பேரும் சோற்றைப் பற்றியே பேசுகிறீர்கள். வெசாக் வந்தால் இறைச்சிக் கடை பூட்டு. எங்கள் வீட்டில் மூன்று பேர் அந்தத் தொழிலில். லீவு என்று நீங்கள் சொல்வது எங்களுக்கு வருமானம் இல்லாத நாள். இதைப் பற்றி ஒருவரும் பட்டியல் போடுவதில்லை.

தன்சலைப் பற்றிச் சொன்னால், நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிவாசல் வாசலில் சட்டியோடு வருகிறவர்களில் வசதியானவர்களும் உண்டு. கார் எங்கே நிற்கிறது என்று நாங்கள் பார்ப்பதில்லை. கஞ்சி முடிந்தால் முடிந்ததுதான், அடுத்த நாள் கொஞ்சம் கூடப் போடுவோம்.

கொட்டாஞ்சேனை:
நானா, கஞ்சி விஷயத்தில் நூற்றுக்கு நூறு. இறைச்சிக் கடை விஷயத்தில் நான் உடன்படவில்லை. வருடத்தில் ஒரு சில நாள் கொல்லாமல் இருப்பது பெரிய இழப்பு இல்லை. சாராயக் கடையும்தான் பூட்டு, எங்கள் ஒழுங்கையில் பெண்கள் நிம்மதியாக இருக்கிற இரவு அது.

புத்தளம் நானா:
உங்கள் சம்பளம் அந்த நாளிலும் வருகிறது. அதனால் சொல்கிறீர்கள்.

ஓய்வு ஆசிரியர்:
லீவு கூடிவிட்டது என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று. 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமையே வார விடுமுறை இல்லை. போயா நாள்தான் விடுமுறை. செவ்வாயில் போயா வந்தால் செவ்வாயில் பள்ளிக்கூடம் பூட்டு, ஞாயிறில் திறப்பு. கிறிஸ்தவப் பிள்ளைகள் பட்ட பாடு எனக்குத் தெரியும். வெசாக் விடுமுறையே 1885இல் பிரிட்டிஷ்காரரிடம் கேட்டு வாங்கியது, அமெரிக்கரான ஒல்கொட் போன்ற பௌத்த இயக்கத்தவர்கள் பாடுபட்டார்கள். பௌத்த கொடி முதலில் ஏறியதும் அந்த வெசாக்கில்தான். போராடி வாங்கிய நாளை நித்திரை கொண்டு கழிக்கக் கூடாது. எங்கள் காலத்தில் பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு மூங்கில் சீவி, பசை காய்ச்சிக் கூடு கட்டுவோம். இப்போது எல்லாம் கடையில் வாங்கிய பிளாஸ்டிக்.

வடமராட்சி:
ஆசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும், என் வெசாக் லீவு நித்திரையில்தான் போகும், அதில் எனக்கு வெட்கம் இல்லை. சோறு கொடுப்பதைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதியானை அன்னதானக் கந்தன் என்றே சொல்வோம். மடத்தில் பந்தியில் இருக்கிறவர் சைக்கிளில் வந்தாரா காரில் வந்தாரா என்று கேட்ட ஒருவரை நான் கண்டதில்லை. ஆகவே காரைப் பற்றிய இந்தச் சண்டை எனக்கு விளங்கவில்லை.

எனக்கு விளங்குவது வேறு. வெசாக்கும், 2009 போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் செத்தவர்களை நாங்கள் நினைவுகூருகிற மே 18உம் ஒரே மாதம். 2024 மே மாதம் சம்பூரில் அந்த நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். உப்புப் போட்ட வெறும் கஞ்சி. அதே மாதம் ரோட்டை மறித்துத் தன்சல் நடந்தது, பொலிஸ் பக்கத்தில் நின்று வாகனத்தை ஒழுங்குபடுத்தியது. ஒரு சோற்றுக்குக் காவல், இன்னொரு சோற்றுக்குக் கைது. இதை மனதில் வைத்துக்கொண்டு நான் எப்படி வரிசையில் போய் நிற்பது?

கொட்டாஞ்சேனை:
வடமராட்சி அண்ணை, இதற்கு என்னிடம் மாற்றுப் பேச்சு இல்லை. கஞ்சிக்காகப் பிடித்தது அநியாயம். ஆனால் பிடித்தவன் வேறு, எங்கள் சந்தியில் கரண்டியோடு நிற்கிற ஓட்டோக்காரர் வேறு. அவருடைய கையில் வாங்கிச் சாப்பிடாமல் விட்டால் பொலிஸுக்கு ஒன்றும் ஆகாது, அவருக்குத்தான் வலிக்கும். உங்கள் மடத்துக் கதையையே நான் நேர்வழிக்குப் பதிலாகப் போடுகிறேன்: சந்நிதி பந்தியில் காரை யாரும் கேட்பதில்லை.

வடமராட்சி:
என்னுடைய மடத்தை உங்கள் வாதத்துக்குத் தூண் ஆக்க வேண்டாம். கஞ்சிக்கு அனுமதி வாங்க வேண்டி வராத நாளில் நான் தன்சலுக்கு வருகிறேன்.

நேர்வழி:
கோயில் வேறு, ரோடு வேறு. கோயிலில் பந்தி பந்தியாக இருத்துவார்கள், எல்லோருக்கும் முறை வரும். ரோட்டில் முந்தியவனுக்குத்தான் சோறு. காரில் வருகிறவன் முந்துகிறான். இந்த ஒரு வரிக்கு இன்னும் பதில் வரவில்லை.

கொட்டாஞ்சேனை:
பதில் பலமுறை வந்துவிட்டது. கார் முந்தாது. மருதானையிலிருந்து தெமட்டகொடை வரை வெசாக் இரவில் ஓட்டிப் பார்த்தவருக்குத் தெரியும், நடக்கிறவர்தான் முந்துவார். பந்தல் பார்க்க வந்த சனம் ரோடு முழுக்க நிற்கும். காருக்குள் இருக்கிறவர் தன்சலைப் பார்த்துக்கொண்டே நகராமல் இருப்பார். பிறகு இறங்கி வரிசையின் கடைசியில்தான் நிற்பார்.

சரி, ஐஸ்கிறீம் தன்சலை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏழைகளின் சோறா? சிறுவர்கள் காரிலிருந்து குதித்து ஓடுகிறார்கள். அந்தப் பிள்ளையைப் பிடித்து நிறுத்தி "நமக்கு மானம் இருக்கிறது" என்று சொல்வீர்களா?

நேர்வழி:
சொல்வேன். என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். காசு கொடுத்து வாங்கித் தந்தேன்.

கொட்டாஞ்சேனை:
அதுதான் கவலை. அந்தப் பிள்ளைகள் சிங்கள அயலவரின் கையிலிருந்து ஒன்றும் வாங்காமலே வளர்வார்கள். 1983 தமிழர் எதிர்ப்புக் கலவரத்தில் எங்கள் வீட்டாரை ஒளித்து வைத்துச் சோறு போட்டது அந்த ஒழுங்கைக்காரர்கள்தான். அன்று மானம் பார்த்திருந்தால் இன்று நான் இங்கே எழுத மாட்டேன்.

நேர்வழி:
83ஐ இழுத்தால் எல்லோரும் வாயை மூடிவிடுவார்கள் என்று நினைக்கிறீர்கள். எங்கள் வீடும் எரிந்தது. எங்களுக்கு ஒருவரும் சோறு போடவில்லை. கார் விஷயத்துக்கு வாருங்கள்.

மஸ்கெலியா:
இரண்டு பேரும் மாறி மாறிக் கார் கார் என்கிறீர்கள். கார் இல்லாத எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. சிவனொளிபாதமலைப் பருவம் வெசாக் போயாவோடு முடிகிறது. மலையடியில் நல்லதண்ணியில் கடை போட்டவர்கள் அந்தக் கிழமை மூட்டை கட்டுவார்கள், மலைப் படியில் வீசின குப்பையைப் பொறுக்கி இறக்குகிறவர்களில் எங்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். லீவைக் கழிக்க வழி தேடுகிறவர்கள் அரை நாள் வந்து ஒரு சாக்குக் குப்பை இறக்குங்கள். நான் போடுகிற பட்டியலில் அது ஒன்றுதான்.

ஓய்வு ஆசிரியர்:
நல்ல யோசனை மகள். ஆனால் கூடு கட்டுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புத்தளம் நானா:
குப்பை பொறுக்க வருகிறேன். மத்தியானச் சாப்பாடு என்ன, மரக்கறியா?

நிர்வாகி:
கொட்டாஞ்சேனை, ஒரே பந்தல் படத்தை நான்காவது முறையாகப் போட்டிருக்கிறீர்கள். அழித்துவிட்டேன். நேர்வழியும் அதே கேள்வியைப் புதிய இழையாகத் தொடங்க வேண்டாம்.

கொட்டாஞ்சேனை:
படத்தை அழிக்கலாம். அடுத்த வெசாக்குக்கு எங்கள் சந்தியில் நானே கொடியோடு நிற்பேன். நேர்வழியின் கார் வந்தால் முதலில் மறிப்பது அதைத்தான்.

நேர்வழி:
நான் அந்த ரோட்டால் வருவதில்லை. நடந்து வந்த பெண்ணுக்கு முதலில் போட்டீர்களா என்பதை மட்டும் அன்றைக்கு இங்கே வந்து எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனை:
இரண்டு பேருக்கும் போடுவோம்.

நேர்வழி:
யாருக்கு முதலில்?