இரண்டு டெகுவும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கிடக்கின்றன, இது பாசமா சண்டையா?

முதலியார்பேட்டை மொட்டைமாடி:

எல்லோருக்கும் வணக்கம். புதுச்சேரி முதலியார்பேட்டையில் வீடு. மொட்டைமாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது, அதை மூன்று வருடமாக எங்கள் டெகுவுக்கு (தென் அமெரிக்கப் பெரிய பல்லி) விட்டிருக்கிறோம். பெயர் ராஜா, அர்ஜென்டினா கறுப்பு வெள்ளை வகை, மூக்கிலிருந்து வால் நுனி வரை நாலடிக்குக் கொஞ்சம் கூட, எடை 4.2 கிலோ. குட்டியிலிருந்து கையில் வளர்ந்தவன் என்பதால் கதவைத் திறந்தாலே நாய்க்குட்டி மாதிரி பின்னால் வருவான், அம்மா துணி காயப்போடப் போனால் துணிக்கூடைக்குள் ஏறிப் படுத்துக்கொள்வான், அம்மாவும் திட்டிக்கொண்டே அவனைச் சுற்றித் துணி எடுப்பார்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் அவனுக்குத் துணை வேண்டாமா என்று ஒரு பெண் குட்டி வாங்கினோம். விற்றவர் "பெண்தான் சார், ஜோடியாகப் போட்டால் இரண்டும் சந்தோஷமாக இருக்கும்" என்றார். செல்வி என்று பெயர் வைத்தோம், இப்போது வயது 14 மாதம். வந்த அன்றே இரண்டையும் ஒரே கூண்டில் விட்டுவிட்டோம் (இதற்குத் திட்டு விழும் என்று தெரியும், வாங்கிக்கொள்கிறேன்). கூண்டு 8க்கு 4 அடி, ப்ளைவுட், ஒரு பாஸ்கிங் பல்ப் (சூடு காய), ஒரு யுவிபி ட்யூப் (புற ஊதா வெளிச்சத்துக்கு), ஒரு மறைவிடம்.

முதல் இரண்டு நாள் நாக்கை நீட்டி நீட்டி ஒருவரை ஒருவர் மோப்பம் பிடித்தார்கள், அவ்வளவுதான். அப்புறம் பல்புக்குக் கீழே ஒன்றின் மேல் ஒன்று படுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ராஜா தன் தாடையைக் கொண்டுபோய் செல்வியின் முதுகில் வைத்துக்கொள்வான். என் தங்கை அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டாள், தெரு முழுக்க அதே பேச்சு.

ஆனால் போன மாதம் எடை போட்டால் செல்வி 1.4 கிலோவிலிருந்து 1.25க்கு இறங்கியிருக்கிறாள். கோழிக்கழுத்து, முட்டை எதுவும் கூண்டில் வைத்தால் தொடுவதில்லை, குளியலறையில் தனியாக வைத்தால் பாய்ந்து தின்கிறாள். ஆசைப்பட்டுத் தின்னட்டும் என்று தினமும் பச்சை மத்தி கொடுக்கிறேன். ராஜா பக்கத்தில் வந்தால் உடம்பைத் தரையோடு தட்டையாக்கிக் கண்ணை மூடிக்கொள்கிறாள். இது கொஞ்சலா, பயமா? அப்புறம், மார்ச்சில் ராஜா பின்னங்காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நடந்தான், டைல்ஸில் மெழுகு பூசினாற்போல் கோடு விழுந்தது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

---

பல்லிப்பித்தன்:

பாசம்தான் நண்பரே, ரொம்ப யோசிக்காதீர்கள். ஊர்வனவற்றுக்குப் பாசமே கிடையாது என்பது பழைய கதை. ஆஸ்திரேலியாவில் ஷிங்கிள்பேக் என்று ஒரு பல்லி இருக்கிறது, அதில் ஆணும் பெண்ணும் வருடாவருடம் தேடிக் கண்டுபிடித்து அதே ஜோடியாகச் சேர்கின்றன, காட்டிலேயே வைத்துப் பல வருடம் கவனித்து எழுதியிருக்கிறார்கள். டெகு அதைவிட மூளைக்காரப் பிராணி. எடை குறைந்தது வேறு ஏதாவது காரணமாக இருக்கும், பூச்சி மருந்து கொடுத்துப் பாருங்கள்.

---

துறைமுகத்தான்:

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். தம்பி, பித்தன் சொன்ன ஷிங்கிள்பேக் கதை உண்மைதான், ஆனால் அது வேறு குடும்பம், டெகு வேறு குடும்பம். கிளி ஜோடி சேர்கிறது என்பதற்காகப் பருந்தையும் ஜோடியாகக் கூண்டில் போடுவோமா?

என் கதையைக் கேளுங்கள். என்னிடம் இரண்டு பெண் டெகு, ஒரே சமயத்தில் வாங்கியது, இரண்டு வருடம் ஒரே அறையில் ஒரு கீறல் கூட இல்லாமல் இருந்தன. நானும் உங்களைப் போலத்தான் அக்கா தங்கை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறியது நினைவிருக்கும், எங்கள் தெருவிலும் தண்ணீர், இரண்டு நாள் கரண்ட் இல்லை. இரண்டையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் போட்டுப் பழைய போர்வையைச் சுற்றி, பாட்டிலில் வெந்நீர் ஊற்றி நடுவில் வைத்தேன். இரண்டும் பாட்டிலைக் கட்டிக்கொண்டு பெட்டிப்பாம்பாய்க் கிடந்தன. மூன்றாவது நாள் கரண்ட் வந்தது, அறையில் பல்பைப் போட்டேன். இரண்டும் ஒரே நேரத்தில் அந்த ஒரே ஒரு சூட்டு இடத்துக்கு ஓடின. நான் டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் சின்னதுக்கு முன்னங்காலில் ஒரு விரல் இல்லை. சத்தமே கேட்கவில்லை தம்பி, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நாய் என்றால் குரைக்கும், பூனை என்றால் சீறும், இவை பக்கத்து அறைக்குக் கூடக் கேட்காத மாதிரி ஒரு "உஸ்" விட்டுவிட்டுக் கடித்துவிடும்.

அப்போதுதான் புரிந்தது, அந்த இரண்டு வருடமும் அவை ஒன்றையொன்று விரும்பவில்லை, பொறுத்துக்கொண்டிருந்தன. உங்கள் கூண்டிலும் சூடான இடம் ஒன்றே ஒன்று. அதன் மேல் படுக்க இரண்டுக்கும் ஆசை. பெரியது மேலே, சின்னது கீழே. மேலே படுத்தவனுக்கு வெளிச்சமும் சூடும், கீழே இருப்பவளுக்கு அவன் உடம்பு நிழல்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஐந்தாறு அடி தள்ளி இன்னொரு பல்ப் மாட்டுங்கள், கீழே ஒரே மாதிரிக் கல் போடுங்கள், சூடு இரண்டிலும் ஒரே அளவு இருக்கட்டும். சாப்பாடும் இரண்டு தட்டில். பிரிந்து படுத்தால் அது இடத்துக்கான போட்டி. அப்போதும் தானாகத் தேடிப்போய் ஒட்டிப் படுத்தால் பித்தனிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன். பக்கத்திலேயே ஆள் இருங்கள், நான் டீ போடப் போன மாதிரி போய்விடாதீர்கள்.

---

பல்லிப்பித்தன்:

மன்னிப்பெல்லாம் எதற்கு அண்ணா. ஆனால் ராத்திரியில் பல்ப் இல்லாதபோதும் ஒரே மறைவிடத்தில் படுக்கின்றனவே, அதற்கு என்ன சொல்வீர்கள்?

---

கால்நடைக்காரி:

நான் கால்நடை மருத்துவர், இங்கே நிறைய நாயும் மாடும், எப்போதாவது இகுவானா, டெகு.

பித்தன் தம்பியின் கேள்வி நல்ல கேள்விதான். மறைவிடம் ஒன்றே ஒன்று என்றால் எங்கே போய்ப் படுக்கும்? அது தவிர, சூட்டுக்காகவும் ஒட்டிப் படுக்கலாம். டெகு மற்ற பல்லிகள் மாதிரி முழுக்க வெளிச்சூட்டை நம்பியிருப்பதில்லை. பிரேசிலில் வைத்து அளந்து பார்த்து 2016ல் வெளியிட்டார்கள்: இனப்பெருக்கக் காலத்தில் ராத்திரியில் பொந்துக்குள் இருக்கும் டெகுவின் உடம்பு, பொந்தின் வெப்பத்தைவிட 10 டிகிரி செல்சியஸ் வரை கூடுதலாக இருந்திருக்கிறது. தென்கோளத்தில் அந்தக் காலம் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை; நம் வடகோளத்தில் பருவம் தலைகீழ் என்பதால் மார்ச் வாக்கில் வரும். பல்லிக்கு இது அதிசயம்.

பழகும் குணமே இல்லாத பிராணி என்றும் சொல்ல மாட்டேன். பெண் டெகு இலைதழை சேர்த்துக் கூடு கட்டி முட்டை இடும், அதன் பக்கத்திலேயே இருந்து காவல் காக்கும், அந்த நேரத்தில் கை நீட்டினால் வளர்த்தவர் என்று கூடப் பார்க்காது. ஆளை அடையாளம் தெரிந்துகொள்வதையும் நானே பார்த்திருக்கிறேன். ஆனால் முட்டைக்குக் காவல் இருப்பது ஒன்று, இன்னொரு வளர்ந்த டெகுவைத் தோழன் என்று நினைப்பது இன்னொன்று. முதலாவதற்குத்தான் சான்று இருக்கிறது.

மொட்டைமாடி நண்பரே, கீழே கிடப்பது உடம்பைத் தட்டையாக்கிக் கண்ணை மூடுவது கொஞ்சல் இல்லை. "நான் இங்கே இல்லை, என்னை விட்டுவிடு" என்பதுதான் அதன் அர்த்தம். தனியாக வைத்தால் பாய்ந்து தின்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பதிலும் அதிலேயே இருக்கிறது. நாள்கணக்காக இப்படி ஒடுங்கிக் கிடந்தால் எடை மட்டும் போகாது, நோய் எதிர்ப்பும் போகும். மலப் பரிசோதனை செய்துவிடுங்கள், புதிதாக வந்ததை இரண்டு மூன்று மாதமாவது தனி அறையில் வைத்து உண்ணி, குடற்புழு எல்லாம் பார்த்த பிறகுதான் பழையதன் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். பரிசோதிக்காமல் பூச்சி மருந்து வேண்டாம். பச்சை மத்தியை உடனே நிறுத்துங்கள், அதில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி இருக்கிறது, தினமும் கொடுத்தால் நரம்புத் தளர்ச்சி வரும். எப்போதாவது ஒன்று பரவாயில்லை.

மார்ச் கோடு பற்றி. ஆணின் தொடைக்கு அடியில் வரிசையாகத் துளைகள் இருக்கும், அதிலிருந்து மெழுகு மாதிரி ஒன்று வரும். இனப்பெருக்கக் காலத்தில் தரையில் தேய்த்து "இது என் இடம்" என்று எழுதி வைக்கிறான். படிக்க வேண்டியவர்கள் நாக்கால் படித்துக்கொள்வார்கள். அந்த மாதங்களில் இன்னொரு ஆணைக் கண்டால் வெட்டுக்குத்துதான்.

இதைச் சொல்லும்போது ஒரு சந்தேகம். செல்வி பெண்தான் என்று யார் பார்த்தார்கள்? குட்டியில் விற்பவர் சொல்வதை நம்பவே முடியாது. ஆணுக்கு வயது ஏறினால் தாடை இரண்டு பக்கமும் சதை போட்டு உப்பும், ஆனால் பெரிய ஆணிடம் அடங்கிக் கிடக்கும் இந்த வயதுக் குட்டிக்கு அது தெரியாமல் இருக்கலாம். வாலடியைத் திருப்பி, மலத்துவாரத்துக்குச் சற்றுப் பின்னால் இரு ஓரத்திலும் விரலால் தடவிப் பாருங்கள். ஆண் என்றால் பக்கத்துக்கு ஒன்றாகச் சின்ன மணி மாதிரி செதில்கள் தட்டுப்படும். ஒரு வயது தாண்டினால் பெரும்பாலும் தெரிந்துவிடும். படம் எடுத்துப் போடுங்கள்.

---

லாஸ்பேட்டை கணக்குப்பிள்ளை:

இடையில் ஒரு விஷயம், யாரும் சொல்லவில்லை. டெகு சைட்ஸ் (காட்டுயிர் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் வருவது. 2022 திருத்தத்துக்குப் பிறகு நம் வனவிலங்குச் சட்டத்தில் நான்காம் அட்டவணைக்குள் வந்துவிட்டது, 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி பிறந்தாலும் செத்தாலும் கூடத் தெரிவிக்க வேண்டும். வாங்கும்போது காகிதம் கேட்டு வாங்கினீர்களா? எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மாடியில் என் டெகுவைப் பார்த்துவிட்டு உடும்பு என்று நினைத்து வனத்துறைக்குப் போன் போட்டுவிட்டார். உடும்பு வளர்த்தால் நேராக உள்ளேதான். வந்தவர்களிடம் பதிவுக் காகிதம் காட்டியதால் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

---

முதலியார்பேட்டை மொட்டைமாடி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

முதலில் துறைமுகத்தான் அண்ணன் சொன்ன சோதனை. ஞாயிற்றுக்கிழமை லீவு போட்ட மாதிரி நாள் முழுக்க ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இரண்டாவது பல்ப் போட்டதும் ராஜா புதிய கல்லுக்குப் போனான், செல்வி பழைய கல்லில் முழு உடம்பையும் விரித்துப் படுத்தாள். ஐந்து மாதத்தில் அவள் அப்படிக் கையைக் காலைப் பரப்பிப் படுத்து நான் பார்த்ததே இல்லை. அரை மணி நேரம் கூட ஆகவில்லை, ராஜா எழுந்து வந்து அவள் மேல் ஏறினான். அவள் நழுவிப் புதிய கல்லுக்குப் போனாள். இவன் பின்னாலேயே போனான். மத்தியானத்துக்குள் இப்படி ஆறு தடவை. கடிக்கவில்லை, துரத்தக் கூட இல்லை, சும்மா மெதுவாக நடந்துபோய் மேலே படுக்கிறான். வீடியோவில் பார்த்தால் இப்போதும் கொஞ்சுகிற மாதிரியேதான் இருக்கிறது. தங்கையிடம் காட்டினேன், "அண்ணா, இது பஸ்ஸில் நம் சீட்டில் வந்து இடித்துக்கொண்டு உட்காருவார்களே அந்த மாதிரி இருக்கிறது" என்றாள்.

அன்றைக்கே அடுத்த அறையைக் காலி பண்ணித் தனிக் கூண்டு வைத்துவிட்டேன். முதலில் நடுவில் கம்பி வலை அடிக்கலாம் என்று தச்சரிடம் சொன்னேன், அண்ணன்தான் தனிச் செய்தியில் வேண்டாம் என்றார், கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் பயம் போகாதாம். மத்தியை நிறுத்தியாயிற்று. மலப் பரிசோதனையில் புழு இருந்தது, மருத்துவர் எடை பார்த்து மருந்து கொடுத்தார் (பித்தன், இதில் உங்களுக்கு அரை மதிப்பெண்). நேற்று எடை 1.43 கிலோ.

ராஜா தேடுவான் என்று பயந்தேன். தேடவில்லை. இரண்டு கல்லிலும் மாறி மாறிப் படுக்கிறான், சாயங்காலம் துணிக்கூடை. குட்டிக்கு என் மேல் பழக்கம் வரட்டும் என்று போட்டு வேர்த்த பனியனை அதன் மறைவிடத்தில் போட்டு வைத்தேன், இப்போது அதற்குள் சுருண்டுதான் தூக்கம், கை நீட்டினால் நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு நிற்கிறது, ஓடுவதில்லை. பதிவுக் காகித வேலையும் நடக்கிறது கணக்குப்பிள்ளை சார்.

படம் கீழே போட்டிருக்கிறேன் டாக்டரம்மா. இரண்டு பக்கமும் மணி இருக்கிறது, இல்லையா? நீங்கள் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

---

கால்நடைக்காரி:

இருக்கிறது. ஆண்தான், சந்தேகமே வேண்டாம். மார்ச் வருவதற்கு முன்னால் பிரித்தீர்களே, அதுவே பெரிய விஷயம். இரண்டு அறைக்கும் ஒரே துடைப்பம், ஒரே தண்ணீர்த் தட்டு வேண்டாம், ஒன்றின் வாசனை மற்றதன் அறைக்குப் போய்விடும். பெயரை மாற்றிவிடுங்கள்.

---

முதலியார்பேட்டை மொட்டைமாடி:

செல்வன் என்று மாற்றியாயிற்று. அம்மா மட்டும் இன்னும் செல்வி என்றுதான் கூப்பிடுகிறார். கையில் அவித்த முட்டையோடு போவதால் அதற்கும் வந்துவிடுகிறான்.