வேன் பேட்டரி முனையில் நீலப்பச்சைப் பொடி: தடுப்பது எப்படி?

காசிமேடு வாசகர்:
படுக்கையும் அடுப்பும் பொருத்திய எங்கள் சுற்றுலா வேன், மழைக்காலம் முழுவதும் கடலோரத் தெருவிலேயே நிற்கிறது. பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் நீலப்பச்சைப் பொடி பூத்து, கிளாம்பின் போல்ட்டையே மூடிவிட்டது. உப்புக்காற்றுதான் காரணமா, ஐயா?

திருவொற்றியூர் மெக்கானிக்:
உப்புக்காற்று அரிப்பை விரைவுபடுத்தும். ஆனால் அந்த நிறம், பேட்டரியிலிருந்து கசியும் அமிலம் செம்பை அரிப்பதால் உண்டாகும் காப்பர் சல்பேட்டுடையது. கண்ணாடியும் கையுறையும் அணிந்து, முதலில் நெகட்டிவ் வயரையும் பிறகு பாசிட்டிவையும் கழற்றி, செல் மூடிகள் இறுக்கமாக உள்ளனவா என்று பார்த்த பின், வெந்நீரில் கரைத்த சமையல் சோடாவை முனைகளில் ஊற்றுங்கள், நுரைத்துப் பொங்கும். நுரை அடங்கியதும் பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவி, ஈரமின்றி உலரவிடுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ்தான் முதலில். போல்ட்டை இறுக்கிய பிறகே வாசலின் பூச வேண்டும்.

ராயபுரம் ஓட்டுநர்:
சுத்தம் செய்தும் விரைவிலேயே திரும்பினால் சார்ஜிங்கைச் சோதியுங்கள். இன்ஜின் ஓடும்போது 12 வோல்ட் பேட்டரி 15 வோல்ட்டைத் தாண்டினால், சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் பார்த்தாக வேண்டும்.

காசிமேடு வாசகர்:
மிக்க நன்றி. டிஸ்டில்டு வாட்டரை விளிம்புவரை நிரப்பலாமா?

திருவொற்றியூர் மெக்கானிக்:
கூடாது. பேட்டரியில் குறித்துள்ள மேல் அளவுக்கோட்டைத் தாண்டினால், சார்ஜ் ஏறும்போது அமிலம் வழிந்து மீண்டும் முனைகளுக்கே வரும்.